தையல் லைனுக்கு ஓர் அழைப்புப் பெட்டி

திருப்பூரின் நடுத்தர பனியன் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு லைனில் இருபது மெஷின்கள். பெரும்பாலும் ஓவர்லாக், கொஞ்சம் ஃபிளாட்லாக், ஒன்றிரண்டு சிங்கர். காலை பத்தரை மணிக்கு ஓர் ஓவர்லாக்கில் லூப்பர் தட்டத் தொடங்குகிறது. டைலர் மெஷினை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைத் தேடிப் போகிறார். மெக்கானிக் மேல் மாடியில் வேறொரு மெஷினைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். லூப்பரைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். அவர் வந்துசேரத்தான் அரை மணி நேரம் ஆகிறது. அதற்குள் அடுத்த மெஷினில் வேலை வற்றிவிடுகிறது, முந்தைய மெஷினில் பண்டல் குவிகிறது. இதில் திட்டு வாங்குவது பெரும்பாலும் எழுந்து போன டைலர்தான்.

அந்தக் காத்திருப்பைக் குறைக்கும் ஒரு சிறு கருவியை நீங்களே வடிவமைத்து, செய்து, மாட்டும் வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது. மெஷினுக்கு ஒரு பெட்டி. அதில் சில பொத்தான்கள், ஒரு விளக்கு. அமுக்கினால் செய்தி வைஃபை வழியே மெக்கானிக்கின் கைக்கும் லைன் முனையில் உள்ள பலகைக்கும் போகும். ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்த ஒருவர் உடன் இருந்தால் மின்சுற்று வேலை கடினமில்லை. இப்படிப்பட்ட கருவிகள் தோற்றுப்போவது மின்சுற்றால் அல்ல, யாரும் பொத்தானை அமுக்காததால்தான். ஆகவே இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி மனிதர்களைப் பற்றியே இருக்கும்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி டைலரின் வேகத்தை அளக்கக் கூடாது. டைலர் கேட்ட உதவி எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதை மட்டும் அளக்க வேண்டும். பின்வரும் ஒவ்வொரு படியும் இந்த முடிவின் மேல்தான் நிற்கிறது. இது முதலாளிக்குச் சம்மதமில்லை என்றால் மேற்கொண்டு படித்துப் பயனில்லை.

முதல் வேலை: ஒரு முழு ஷிப்ட் நின்று பார்த்தல்

1. லைனுக்குள் போகுமுன் சூப்பர்வைசர் மூலமாக எல்லோரிடமும் நீங்கள் யார், எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று சொல்லச் செய்யுங்கள். கையில் ஸ்டாப் வாட்ச் வேண்டாம். அதைக் கண்டாலே டார்கெட் ஏற்ற வந்தவர் என்று நினைப்பார்கள். அன்று முழுவதும் நீங்கள் பார்ப்பது உண்மையான வேலையாக இருக்காது.

2. டைலரின் முதுகுக்குப் பின்னால் நிற்காதீர்கள். கைமடி என்னும் உதவியாளர் நிற்கும் பக்கம் போய், அவர் கண்ணில் படும்படி நில்லுங்கள். முடிந்தால் கைமடி வேலையில் கொஞ்சம் கை கொடுங்கள்.

3. மெஷின் நிற்கும் ஒவ்வொரு முறையும் நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: ஏன் நின்றது, யாரைக் கூப்பிட்டார், எப்படிக் கூப்பிட்டார், உதவி எப்போது வந்தது. காரணத்தை டைலர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். “அண்ணா, தையல் விட்டுவிட்டுப் போகுதுங்க” என்று அவர் சொன்னால் அப்படியே. அதை “இயந்திரக் கோளாறு” என்று உங்கள் நோட்டில் மாற்றி எழுதினால், பிறகு பெட்டியிலும் அதே புரியாத சொல் வந்து உட்கார்ந்துவிடும்.

4. கைகளைக் கவனியுங்கள். துணியை ஊசிக்குத் தள்ளும்போது இரண்டு கையும் வேலையில் இருக்கும். கால் பெடலில் இருக்கும். மெஷின் நின்றதும் எந்தக் கை முதலில் ஓய்கிறது, அது இயல்பாக எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பெட்டி அங்கேதான் வர வேண்டும்.

5. மேசைமேல் என்னென்ன இருக்கின்றன என்று படம் வரையுங்கள்: டிரிம்மர், பண்டல், எண்ணெய் டப்பா, தண்ணீர் பாட்டில். ஏற்கெனவே நெருக்கமாக உள்ள இடத்தில் உங்கள் பெட்டியும் வரப்போகிறது.

6. ஒன்றரை ஷிப்ட் ஓடும் கம்பெனியானால் கடைசி இரண்டு மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். காலையில் தெளிவாகத் தெரியும் சிறிய எழுத்து, இரவு எட்டு மணிக்குச் சோர்ந்த கண்ணுக்குத் தெரியாது.

நோட்டைப் புரட்டும்போது பெரும்பாலும் ஒன்று தெரியவரும்: மெஷின் கெட்டு நிற்பதைவிட வேறு காரணங்களுக்காக நிற்பது அதிகம். பண்டல் வரவில்லை. நூல் கோன் தீர்ந்துவிட்டது. லேபிள் சைஸில் சந்தேகம். முந்தைய தையலே கோணல், அதன் மேல் தைக்கலாமா என்று கேட்க ஆள் இல்லை. மெக்கானிக்கை மட்டும் மனத்தில் வைத்துப் பெட்டி செய்தால் பாதிப் பிரச்சினை வெளியிலேயே நின்றுவிடும்.

பொத்தான்கள்: மூன்றுக்கு மேல் வேண்டாம்

காரணப் பட்டியலில் பதினைந்து இருந்தாலும் பொத்தான் மூன்று போதும். ஏனென்றால் பொத்தானைக் காரணத்தின்படி பிரிக்கக் கூடாது. வர வேண்டிய ஆளின்படி பிரிக்க வேண்டும். டைலருக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க வேண்டிய கடமை இல்லை. யார் வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

- மெக்கானிக்
- பண்டல், நூல், லேபிள் கொண்டுவரும் ஆள்
- சூப்பர்வைசர் அல்லது செக்கிங்

பெரிய கம்பெனிகள் வாங்கும் டேப்லெட் திரைகளில் நான் அடிக்கடி காணும் குறை இதுதான். ஒரு கோளாறைச் சொல்ல நான்கு திரை தாண்ட வேண்டும். முதல் திரையில் ஊழியர் எண் கேட்கும். வருமானம் தையலில் இருக்கும்போது யார் திரையைத் தடவிக்கொண்டிருப்பார்?

ஊசி உடைவதை மட்டும் தனியாக யோசியுங்கள். ஏற்றுமதித் துணியில் உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டி, அதைக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்தப் பண்டல் முழுவதும் மெட்டல் டிடெக்டரில் போக வேண்டும். குழந்தை உடுப்பில் ஒரு துண்டு சிக்கினால் என்ன ஆகும் என்று டைலர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஊசி வாங்கப் போய் வரும் நேரத்துக்குப் பயந்து, சிலர் துண்டைத் தேடாமலே கையில் உள்ள பழைய ஊசியை மாட்டிவிடுவதுண்டு. ஆகவே மெக்கானிக் பொத்தானை இரண்டு விநாடி அமுக்கிப் பிடித்தால் “ஊசி” என்று செய்தி போகும்படி வையுங்கள். அந்தச் செய்திக்கு வரிசையில் முதலிடம் கொடுங்கள். மெக்கானிக் ஊசி டப்பாவோடும் நோட்டோடும் டேப்போடும் மெஷினுக்கே வர வேண்டும். டைலர் இடத்தை விட்டு எழவே கூடாது. எழுந்தால் மடியில் விழுந்த துண்டு எங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

அட்டையில் முதல் பெட்டி

மின்சுற்றைத் தொடாதீர்கள். முதலில் லேபிள் அட்டையில் பெட்டி செய்து, பொத்தான் இருக்கும் இடத்தில் வட்டமாக ஸ்டிக்கர் ஒட்டுங்கள். செலவு இல்லை. ஆகவே தூக்கி எறியவும் மனம் வரும்.

1. ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவரும் என்பது பயன்பாட்டு வடிவமைப்பில் ஜேக்கப் நீல்சன் பரப்பிய கணக்கு. இங்கே அந்த ஐவரும் ஒரே மாதிரி ஆட்கள் ஆகிவிடக் கூடாது. அனுபவமுள்ள டைலர் ஒருவர், புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர், இந்தியோ ஒடியாவோ பேசுபவர் ஒருவர், கைமடி ஒருவர், மெக்கானிக் ஒருவர்.

2. “இது புரியுதாங்க்கா?” என்று கேட்காதீர்கள். “புரியுதுங்க தம்பி” என்றே பதில் வரும். மரியாதைக்குச் சொல்வது அது. “நூல் கோன் தீந்துபோச்சுன்னு வச்சுக்குங்க்கா. இப்ப எதை அமுக்குவீங்க?” என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். விரல் எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள்.

3. விரல் தவறான பொத்தானுக்குப் போனால் விளக்கம் சொல்லித் திருத்த வேண்டாம். படத்தையோ சொல்லையோ இடத்தையோ மாற்றுங்கள். அடுத்தவரிடம் மாற்றிய அட்டையோடு போங்கள்.

படமும் சொல்லும் சேர்ந்தே இருக்கட்டும். படம் மட்டும் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் ஸ்பேனர் படத்தை “செட்டிங்” என்று படிப்பவர் உண்டு, “ரிப்பேர்” என்று படிப்பவரும் உண்டு. கோன் படத்தில் அந்தக் குழப்பம் வராது. சொல்லைத் தமிழிலும் இந்தியிலும் எழுதுங்கள். லைனில் ஒடிய டைலர்கள் கணிசமாக இருந்தால் ஒடியாவிலும். மொழிபெயர்ப்பைக் கணினியிடம் கேட்டு அப்படியே ஒட்டாதீர்கள். அதே லைனில் வேலை செய்யும் அந்த மொழிக்காரர் ஒருவரிடம் காட்டி, அவர் வாயில் வரும் சொல்லை எழுதுங்கள்.

பெட்டியின் உடல்

*அளவு.* ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கான வடிவமைப்பு விதி, தொடும் இடம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இருக்கச் சொல்கிறது. நின்று நிதானமாகத் தொடும் விரலுக்கான அளவு அது. இங்கே 22 மில்லிமீட்டர் பேனல் பொத்தானுக்குக் குறையாமல் வையுங்கள். அந்த அளவு வாங்கவும் எளிது, எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். பொத்தான்களுக்கு இடையே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

*உணர்வு.* அமுக்கினால் உள்ளே இறங்கி “டக்” என்று விரலுக்குத் தெரியும் பொத்தானே வேண்டும். தொடுதிரை வேண்டாம். எண்ணெய்க் கையில் அது சரியாக வேலை செய்யாது. கட்டிங் பகுதியில் பேண்ட் நைஃப் ஓட்டுபவர் இரும்பு வலைக் கையுறை போட்டிருப்பார். அவர் பொத்தானை அமுக்குவதற்காகக் கையுறையைக் கழற்றும்படி வைத்தால், ஒரு நாள் அதைத் திரும்பப் போட மறந்துவிடுவார்.

*நிறம்.* சிவப்பு வேண்டவே வேண்டாம். இயந்திர மின்சாதனங்களுக்கான ஐஈசி 60204-1 தரவிதியில் சிவப்பு அவசர நிறுத்தத்துக்கு உரிய நிறம். உங்கள் பெட்டியில் சிவப்புப் பொத்தான் இருந்தால், கை மாட்டிக்கொண்ட கணத்தில் பக்கத்து ஆள் அதைப் போய் அமுக்குவார், மெஷின் நிற்காது. மஞ்சள், நீலம், வெள்ளை என்று வையுங்கள். சிலருக்கு நிறம் பிரித்துத் தெரியாது, அது அவர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல், எல்லா மெஷினிலும் அதே வரிசையில் பொத்தான்களை வையுங்கள். மெக்கானிக் எப்போதும் மேலே, சூப்பர்வைசர் எப்போதும் கீழே.

*மூடி.* பனியன் கம்பெனியில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். காற்றோட்டத் துளை போட்ட பெட்டிக்குள் சில வாரங்களிலேயே பஞ்சு மெத்தை விரிந்துவிடும். துளையே இல்லாத, தூசு தடுக்கும் ஐபி54 பெட்டி வாங்குங்கள். இந்தச் சுற்று அதிகம் சூடாகாது, காற்றோட்டம் தேவையில்லை. ஈரம் தெறிக்கும் சாயப்பட்டறைக்கு இதே பெட்டியைக் கொண்டுபோவதானால் ஐபி65.

விளக்கு எப்படிப் பேச வேண்டும்

பொத்தானை அமுக்கியவருக்கு இரண்டு கேள்விகள் எழும். செய்தி போனதா? ஆள் வருகிறாரா? இவ்விரண்டுக்கும் பதில் சொல்லாத பெட்டியை மறுபடி மறுபடி அமுக்குவார்கள். பிறகு பழையபடி எழுந்து போய்விடுவார்கள். அதன்பின் பெட்டிமேல் தண்ணீர் பாட்டில்தான் இருக்கும்.

ஒரே ஒரு எல்இடி விளக்கு போதும். நிலைகள் இவை:

1. அமுக்கியதும் விளக்கு வேகமாக மின்ன வேண்டும், அதுவும் 0.1 விநாடிக்குள். அதற்குமேல் தாமதித்தால் அமுக்கியது பதியவில்லை என்று மனம் நினைக்கும். இதைப் பெட்டியே செய்யட்டும். செய்திகளை வாங்கும் கணினியின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.
2. கணினிக்குச் செய்தி சேர்ந்ததும் மெதுவாக மின்ன வேண்டும்.
3. வர வேண்டியவர் தன் கைபேசியில் “வர்றேன்” என்று அமுக்கியதும் நிலையாக எரிய வேண்டும்.
4. வேலை முடிந்ததும் அணைய வேண்டும். அணைப்பது டைலரின் கையில் இருக்கட்டும்: அதே பொத்தானை இன்னொரு முறை அமுக்கினால் போதும்.

நான்காவதில் பலர் தவறுவார்கள். மெக்கானிக் தானே “முடிந்தது” என்று பதியும்படி வைப்பார்கள். மெஷின் சரியாக ஓடுகிறதா என்று அறிந்தவர் அதில் தைப்பவர்தான். அவர் இரண்டு பீஸ் தைத்துப் பார்த்துவிட்டு அணைக்கட்டும். தவறுதலாக அமுக்கிவிட்டாலும் அதே பொத்தானால் ரத்து செய்யலாம். தவறுக்காக யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

டொயோட்டா கார் தொழிற்சாலைகளில் தொழிலாளி தலைக்குமேல் உள்ள கயிற்றை இழுத்து உதவி கேட்கும் முறை பல ஆண்டுகளாக உண்டு. இழுத்ததும் லைன் உடனே நின்றுவிடாது. குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த இடத்துக்குள் சரியாகாவிட்டால்தான் லைன் நிற்கும். அங்கே கயிற்றை இழுப்பது குற்றமல்ல, வேலையின் ஒரு பகுதி. அந்த மனநிலையை உங்கள் லைனில் உண்டாக்க முடியுமா என்பதுதான் முழு வேலையும்.

மணியோ பஸரோ வைக்காதீர்கள். எச்சரிக்கை ஒலி தெளிவாகக் கேட்க அது சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபல் அளவுக்காவது கூடுதலாக இருக்க வேண்டும். ஏற்கெனவே மெஷின் சத்தத்தில் எட்டு, பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்களின் காதில் இன்னும் சத்தம் ஏற்றுவது கொடுமை. அதோடு, மணி அடித்தால் மொத்த ஹாலும் திரும்பிப் பார்க்கும். கூச்சப்படுபவர் அமுக்கவே மாட்டார்.

மெக்கானிக் பக்கம்

டைலருக்குப் பெட்டி செய்யும் ஆர்வத்தில் மெக்கானிக்கை மறந்துவிடுவது வழக்கம். மெஷின் கோளாறு அழைப்புகள் எல்லாம் அவர் தலையில்தான் விழப்போகின்றன.

- அவருடைய கைபேசி அதிர வேண்டும். திரையில் மெஷின் எண் மட்டும் பெரிதாக, ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.
- ஒரு விரலால், பெரிய பட்டையைத் தொட்டால் “வர்றேன்” போக வேண்டும். எண்ணெய்க் கையோடு அவர் எழுத்து அடிக்கமாட்டார்.
- அழைப்புகள் வந்த வரிசையில் நிற்கட்டும். ஊசி மட்டும் முன்னால் வரலாம். யார் குரல் பெரிதோ அவர் மெஷினுக்கு முதலில் போக வேண்டிய நெருக்கடியிலிருந்து இது அவரை விடுவிக்கும். மெக்கானிக்குகள் பெட்டியை ஏற்றுக்கொள்ள இது ஒன்றே போதும்.
- பத்து நிமிடம் பதில் இல்லை என்றால் அழைப்பு சூப்பர்வைசருக்குப் போகட்டும்.

லைன் முனையில் வைக்கும் பலகையில் எழுத்தின் உயரம், பார்க்கும் தூரத்தில் இருநூறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. 10 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர். இது எண்களுக்கும் ஆங்கில எழுத்துக்கும் சரி. சுழிகள் நிறைந்த தமிழ் எழுத்துக்கு அதைவிடக் கூடுதலாக வைத்து, தூரத்தில் நின்று படித்துப் பாருங்கள்.

கம்பி, வைஃபை, கரண்ட்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதற்கு வழிகாட்டிகள் நிறைய உண்டு.

1. பெட்டிக்குள் இஎஸ்பி32 போர்டு ஒன்று. அது 3.3 வோல்ட்டில் இயங்கும். பொத்தான் கம்பியில் 5 வோல்ட் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும் பிடிக்கும். ரவுட்டரில் அந்த அலைவரிசை திறந்திருக்க வேண்டும். இரண்டு ரவுட்டர் வைத்தால் 1, 6, 11 ஆகிய சேனல்களில் வெவ்வேறு ஒன்றைக் கொடுங்கள்.

2. பக்கத்து மோட்டார் ஓடும்போது யாரும் தொடாமலே பொத்தான் அமுக்கியதாகச் செய்தி வரும். பொத்தானுக்குப் போகும் கம்பியைச் சிறிதாக வையுங்கள். 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் போடுங்கள். 50 மில்லி விநாடிக்குக் குறைவான சமிக்ஞையை நிரலிலேயே தள்ளிவிடுங்கள்.

3. செய்திப் போக்குவரத்துக்கு எம்க்யூடிடி போதும். 1999இல் எண்ணெய்க் குழாய்த் தடங்களைத் தொலைவிலிருந்து கண்காணிக்க உருவான முறை அது. மெலிந்த இணைப்பிலும் வேலை செய்யும். அதில் உள்ள “கடைசிச் செய்தி” வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்: பெட்டி செத்துப்போனால் பலகையில் அந்த மெஷின் எண் சாம்பல் நிறமாக வேண்டும். செத்த பெட்டியை அமுக்கிவிட்டு ஒருவர் காத்திருப்பதைவிட மோசமானது வேறில்லை.

4. கணினி கம்பெனிக்குள்ளேயே இருக்கட்டும்; ஒரு ராஸ்பெரி பை போதும். வெளி இன்டர்நெட் போனாலும் அழைப்பு போக வேண்டும். ஆபீஸ் வைஃபையோடு கலக்காமல் தனி நெட்வொர்க், தனி பாஸ்வேர்டு வையுங்கள். ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

5. கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் எல்லாம் குழம்பும். ரவுட்டருக்கும் கணினிக்கும் சிறிய யுபிஎஸ் வையுங்கள். இல்லாவிட்டால் ராஸ்பெரி பையின் எஸ்டி கார்டு ஒரு நாள் கெட்டுவிடும். கரண்ட் வந்ததும் நிலுவையில் இருந்த அழைப்புகள் அப்படியே மீள வேண்டும். டைலர் மறுபடி அமுக்க வேண்டிய நிலை வரக் கூடாது.

பாதுகாப்பு: இவற்றில் சமரசம் இல்லை

- மெஷினை ஓட்டவோ நிறுத்தவோ இந்தப் பெட்டியைப் பயன்படுத்தாதீர்கள். வைஃபை வழியே மெஷின் தானாக ஓடத் தொடங்கினால், ஊசிக்கடியில் விரல் வைத்து நூல் கோத்துக்கொண்டிருப்பவர் கதி என்ன? அவசர நிறுத்தம் எப்போதும் நேரடிக் கம்பியில், மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் பொத்தானாக, தனியாக இருக்க வேண்டும்.
- மெஷினின் மோட்டார் சுவிட்சிலிருந்து கரண்ட் எடுக்காதீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பாதுகாப்பு உள்ள தனிச் சாக்கெட்டிலிருந்து, தர முத்திரையுள்ள 5 வோல்ட் அடாப்டர் மூலம் எடுங்கள்.
- பெட்டியை மாட்டும்போது மெஷினின் மெயின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். சர்வோ மோட்டார் கன்ட்ரோல் பெட்டியைத் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும்.
- கம்பியைத் தரையில் விடாதீர்கள். பெடல், பெல்ட், பண்டல் தள்ளுவண்டி மூன்றும் அதை இழுக்கும். மேலே விளக்கு மாட்டியிருக்கும் சேனல் வழியாகக் கொண்டுவந்து இறக்குங்கள்.
- பெட்டிக்குள் லித்தியம் பேட்டரி வேண்டாம். பஞ்சும் துணியும் குவிந்த, இரவில் பூட்டிய ஹாலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரி, தீக்குக் கொடுக்கும் அழைப்பு.
- மெஷினில் உட்காருபவர் கையில் ஸ்மார்ட் பேண்டோ கழுத்தில் அட்டைக் கயிறோ மாட்டாதீர்கள். சுழலும் வீலும் பெல்ட்டும் பக்கத்தில் இருக்கின்றன.
- ஊசி ஓடும்போது கண்ணை இழுக்கும் எதுவும் டைலரின் எதிரே வேண்டாம். ஓடும் எண், மாறும் நிறம், டார்கெட் திரை எதுவும்.
- பெட்டியை ஏர் கன்னால் ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள். பஞ்சு இடுக்குக்குள் போகும். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

சோதனை ஓட்டம்

இருபது மெஷினுக்கும் ஒரே நாளில் மாட்டாதீர்கள். ஐந்து மெஷினில் இரண்டு வாரம் ஓடட்டும். ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்தில் தொடங்க வேண்டாம். அந்த நெரிசலில் எந்தப் புதுப் பொருளும் எரிச்சலைத்தான் தரும்.

முதல் மூன்று நாளும் நீங்கள் லைனிலேயே இருங்கள். அமுக்கிய ஒவ்வொரு அழைப்புக்கும் ஆள் வந்தே ஆக வேண்டும்; மெக்கானிக் வேறு வேலையில் இருந்தால் சூப்பர்வைசராவது வந்து தகவல் சொல்ல வேண்டும். முதல் நாள் அமுக்கி யாரும் வராவிட்டால், அந்த டைலர் இரண்டாம் முறை அமுக்குவது சந்தேகமே.

அழைப்புகளின் எண்ணிக்கை முதல் வாரத்தில் எகிறும். மேனேஜர் பதறுவார்: “பெட்டி வந்தப்புறம்தான் கோளாறே அதிகமாயிருக்கு.” அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கோளாறு முன்பும் இருந்தது, கணக்கில் வரவில்லை. அழைப்பே வராத மெஷினைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்: பெட்டி கெட்டிருக்கலாம், கை எட்டாமல் இருக்கலாம், அமுக்க வேண்டாம் என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

பதிவு யாருக்குச் சொந்தம்

இந்தப் பகுதியை முதலாளியோடு உட்கார்ந்து படியுங்கள்.

பதிய வேண்டியவை ஐந்து: மெஷின் எண், எந்தப் பொத்தான், அமுக்கிய நேரம், “வர்றேன்” சொன்ன நேரம், அணைத்த நேரம். டைலரின் பெயர் வேண்டாம். ஊழியர் எண் வேண்டாம். எத்தனை பீஸ் தைத்தார் என்பதும் வேண்டாம். பீஸ் கணக்குக்குப் பண்டல் சீட்டு ஏற்கெனவே இருக்கிறது.

மெஷின் எண்ணை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பீர்கள். கேள்வி சரி. அதனால்தான் எழுத்தில் ஒரு வாக்குறுதி தேவை: இந்தப் பதிவை வைத்து யாருடைய சம்பளமும் பீஸ் ரேட்டும் டார்கெட்டும் மாற்றப்படாது, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பதிவு அழிக்கப்படும். முதலாளி கையெழுத்திட்டு, எல்லா மொழியிலும் லைனில் ஒட்டி, படிக்கத் தெரியாதவர்களுக்காக வாய்விட்டுப் படிக்கவும் வேண்டும். பவர் டேபிள் கான்ட்ராக்டில் ஓடும் லைனானால் கான்ட்ராக்டரும் கையெழுத்திட வேண்டும். டைலருக்குச் சம்பளம் கொடுப்பவர் அவர்தான். இந்த வாக்குறுதி ஒருமுறை மீறப்பட்டாலும் பெட்டியைக் கழற்றிவிடுங்கள். அதற்குமேல் அதில் வரும் எந்த எண்ணும் உண்மையாக இருக்காது.

வாரம் ஒருமுறை ஒரு தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். சராசரியைப் போடாதீர்கள். நான்கு பேருக்கு இரண்டு நிமிடத்தில் ஆள் வந்து, ஒருவர் ஐம்பது நிமிடம் காத்திருந்தாலும் சராசரி அழகாகவே தெரியும். அந்த வாரத்தின் நீண்ட காத்திருப்புகள் மூன்றையும், அவற்றுக்காக நிர்வாகம் என்ன செய்தது என்பதையும் எழுதுங்கள். “பகல் ஷிப்ட்டுக்கு இன்னொரு மெக்கானிக் போட்டிருக்கிறோம்”, “கோன் ரேக்கை லைன் நடுவே மாற்றியிருக்கிறோம்” என்ற வரி வந்த வாரம் முதல், பெட்டியைப் பற்றி நீங்கள் யாரிடமும் பேச வேண்டியிருக்காது.

இரண்டு வாரம் முடிந்ததும் அந்த ஐந்து டைலர்களையும் தனித்தனியாக, சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாத நேரத்தில், டீ இடைவேளையில் சந்தியுங்கள். “பெட்டியை எடுத்துடலாமுங்களா?” என்று ஒரே கேள்வி கேளுங்கள். இருக்கட்டும் என்று நால்வராவது சொன்னால் மீதிப் பதினைந்து மெஷினுக்கும் மாட்டுங்கள். அதற்குக் குறைந்தால் பொத்தான், சொல், இடம், வாக்குறுதி ஆகியவற்றில் எது இடிக்கிறது என்று கேட்டு, அட்டையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.